உறைக்குள் ஒரு தாள்: பெரம்பூரில் கேட்ட ராக் இசைத்தட்டுகள்

பெரம்பூர் ஜமாலியா பக்கத்தில் ஒரு மொட்டைமாடி அறையில் ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குக் கூடும் பத்துப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். பழைய ராக் இசைத்தட்டுகளை, ஒரு பாட்டைக்கூடத் தாண்டாமல், இரண்டு பக்கமும் முழுமையாகக் கேட்பது ஒன்றுதான் அங்கே நடக்கும் வேலை. தட்டுகளில் ஒரு பகுதி, 1985ஆம் ஆண்டு தீக்கிரையாவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கப்பட்டவை. இன்னொரு பகுதி, ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தபோது அக்கம்பக்கத்தாரிடம் கொடுத்துவிட்டுப் போனவை. ஒவ்வொரு தட்டின் உறைக்குள்ளும் கோடு போட்ட தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். தட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்பவர் அதைத் திருப்பித் தரும்போது அந்தத் தாளில் ஐந்து வரியாவது தமிழில் எழுதியிருக்க வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு. பெயர் போடுவதில்லை. ஆனாலும் கையெழுத்தைப் பார்த்தவுடன் யார் என்று தெரிந்துவிடும்.

இந்த மதிப்புரை தட்டுகளைப் பற்றியது; அந்தத் தாள்களைப் பற்றியதும்தான். பல ஆண்டுகளாக அவற்றைப் படித்து வந்ததில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உருவாகியிருக்கிறது. ‘அற்புதம்’, ‘சுமார்’, ‘பத்துக்கு ஏழு’ என்று மதிப்பெண் போட்டு முடித்துக்கொண்ட குறிப்புகளால் எனக்கு ஒருநாளும் பயன் இருந்ததில்லை. எந்த இடத்தில் காது நின்றது, ஏன் நின்றது என்று எழுதியவர்களின் வரிகளோ, நான் ஐம்பது முறை கேட்ட தட்டையும் மறுபடி ஊசியின் கீழ் வைக்கச் செய்திருக்கின்றன.

என் கணக்கில் முதலிடம் பிளாக் சபத் குழுவின் ‘பாரனாய்டு’ ஆல்பத்துக்கு. 1970 செப்டம்பரில் வெளிவந்த ஆல்பம் இது. அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்யப்பட்டது. அமெரிக்க இசைப் பத்திரிகைகளின் விமர்சகர்கள் அதை மட்டம் தட்டி எழுதினார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கிக் கேட்டவர்கள் வேறு தீர்ப்பு வழங்கினார்கள். ‘பாரனாய்டு’ பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. குழுவின் நால்வரும் பர்மிங்ஹாம் நகரத்தின் ஆஸ்டன் பகுதியைச் சுற்றி வளர்ந்த, தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். கிதார் வாசித்த டோனி அயோமி பதினேழு வயதில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், இயந்திரத்தில் கை மாட்டி, வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். ஆகையால் போனவை கம்பியை அழுத்தும் விரல்கள். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோலை ஒட்டிக்கொண்டு அவர் மறுபடி வாசித்தார். தடித்த கம்பிகள் அந்த விரல்களுக்கு வலித்ததால் மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். பின்னர் சுருதியையே இறக்கிக் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டார். உலகம் இன்று ஹெவி மெட்டல் என்று அழைக்கும் கனத்த ஒலிக்கு இந்தக் காயமும் ஒரு காரணம்.

ரயில்பெட்டிப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இந்தத் தட்டின் தாளில் எழுதியிருப்பதை நான் மறக்க முடியாது. அயோமியின் கதையை யாரோ சொன்ன பிறகு அவர் தட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். தம்மோடு பிரஸ் பிரிவில் வேலை பார்த்தவர்களில் விரல் முழுதாக இல்லாதவர்களை ஒவ்வொருவராக நினைவுகூர்ந்துவிட்டு, ‘அயர்ன் மேன்’ பாட்டின் தொடக்கத்தில், பெரிய டிரம்மின் அடிகளுக்குப் பிறகு கிதாரின் ஒலி கீழே இழுபடும் இடத்தைக் குறிப்பிடுகிறார். தகடு அச்சில் அமர்ந்து மடங்கும்போது முதலில் முனகி, அதன் பிறகுதான் வளையும் என்றும், அந்த முனகலை வேறெந்தப் பாட்டிலும் தாம் கேட்டதில்லை என்றும் எழுதியிருக்கிறார். இங்கிலீஷ் பாட்டு கேட்டுப் பழக்கமில்லாத மனிதர் அவர். ஆங்கிலத்தில் இந்த ஆல்பத்தைப் பற்றி நான் படித்த எதுவும் அந்த ஆறு வரிக்கு ஈடாகவில்லை.

முதல் பாட்டான ‘வார் பிக்ஸ்’, வியட்நாம் போர்க் காலத்தில், போரைத் தொடங்குபவர்கள் யார், சாகிறவர்கள் யார் என்று கேட்கும் எட்டு நிமிடப் பாட்டு. அதன் முன்பகுதியில் விமானத் தாக்குதலை எச்சரிக்கும் சைரன் எழுந்து அடங்குகிறது. பி அண்டு சி மில் தொழிலாளி ஒருவரின் மகள் அதைக் கேட்டவுடன் தமக்கு மில்லில் ஊதும் சங்குதான் நினைவுக்கு வந்தது என்று எழுதியிருக்கிறார். அந்தச் சங்குக்கு அப்பா எழுந்து ஓடுவார், இந்தச் சங்குக்கு ஊரே ஓடியிருக்கும் என்கிறார். கானாக் குழுவில் தாளம் வாசிக்கும் இளைஞர் ஒருவருடைய குறிப்பும் இந்தப் பாட்டைப் பற்றியதே. டிரம்ஸ் வாசிக்கும் பில் வார்டின் கை படை நடையாக நடக்கவில்லை, ஆடிக்கொண்டே நடக்கிறது என்கிறார் அவர். வார்டு ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர் என்பதை அறியாமலே இதைப் பிடித்திருக்கிறார். தாளம் வாசிக்கிறவரின் காது அது.

அதே தாளில், ‘பிளானட் கேரவன்’ தூக்கம் வரவழைக்கிறது என்றும் அதைத் தாண்டிவிடலாம் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முன்னும் பின்னும் இரும்பு உருளும் ஆல்பத்தில், கையால் தட்டும் டிரம்மும் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோன்ற குரலுமாக அந்தப் பாட்டு இருப்பதனால்தான் அதற்கடுத்து வரும் ‘அயர்ன் மேன்’ அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது. அதைத் தாண்டிக் கேட்பவர் அடுத்த பாட்டையும் பாதிதான் கேட்கிறார். ஆல்பத்துக்குப் பெயர் தந்த ‘பாரனாய்டு’ பாட்டோ, தட்டில் இடம் மிஞ்சியதால் கடைசி நேரத்தில் விறுவிறுவென்று எழுதிச் சேர்த்தது. மூன்று நிமிடம்கூட ஓடாது. ஊரறிந்த பாட்டு என்பதால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. 2025 ஜூலை 22 அன்று குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் காலமான செய்தி வந்த பிறகு கூடிய ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் வைத்தது அந்தப் பாட்டை அல்ல; இரண்டாம் பக்கத்தின் ‘ஹாண்ட் ஆஃப் டூம்’ பாட்டை. ஊசி எடுத்த பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை.

டீப் பர்ப்பிள் குழுவின் ‘மெஷின் ஹெட்’ (1972) விஷயத்தில் எங்கள் கூட்டத்திலேயே மூத்தவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு. மூர் மார்க்கெட் நாளிலிருந்து தட்டு சேர்த்தவர் அவர். ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டை எல்லாரும் கிதார் பழகும் முதல் வாரத்திலேயே வாசித்து மலிவாக்கிவிட்டார்கள், ஆல்பத்தின் உண்மையான சரக்கு ‘ஹைவே ஸ்டார்’ பாட்டில்தான் இருக்கிறது என்பது அவர் தாளில் எழுதியுள்ள தீர்ப்பு. ‘ஹைவே ஸ்டார்’ பற்றி அவர் சொல்வதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஜான் லார்டின் ஆர்கனும் ரிச்சி பிளாக்மோரின் கிதாரும் அதில் மாறி மாறி ஓடும் ஓட்டத்துக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் மலிவானது வாசிப்பவர்களின் கையில்தானே தவிர, தட்டில் அல்ல. தட்டில் கேட்டுப் பாருங்கள். முதலில் கிதார் தனியாக நிற்கிறது. அடுத்துத் தாளத்தட்டு சேர்கிறது. பிறகு ஆர்கன், முழு டிரம்ஸ், அதற்கப்புறம்தான் பேஸ் கிதார் என்று ஒவ்வொருவராக அறைக்குள் நுழைகிறார்கள். பிளாக்மோர் அந்தச் சிறு துண்டை இரண்டிரண்டு கம்பிகளாக விரலால் சுண்டி வாசிக்கிறார். லார்டு அதே சுரங்களை ஹாமண்ட் ஆர்கனில் வாசித்து, அந்த ஒலியைக் கிதாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாக அனுப்பிக் கரகரக்கச் செய்கிறார். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கருவிபோல் ஒலிப்பதால்தான், தனிக் கிதாரில் வாசிப்பவர்களுக்கு அந்தக் கனம் கிடைப்பதில்லை.

பாட்டு சொல்லும் செய்தியும் நடந்த செய்திதான். ஆல்பத்தைப் பதிவு செய்ய 1971 டிசம்பரில் அவர்கள் சுவிட்சர்லாந்தின் மாந்த்ரூ நகருக்குப் போனார்கள். பதிவுக்குப் பேசி வைத்திருந்த கேசினோ அரங்கில், டிசம்பர் 4 அன்று அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடக்கும்போது யாரோ ஒருவர் தீப்பொறித் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட, கட்டடமே எரிந்துபோயிற்று. புகை ஏரியின்மேல் படர்ந்து கிடந்தது. இடம் தேடி அலைந்தவர்கள், கடைசியில் ஆள் இல்லாத கிராண்ட் ஹோட்டலின் நடைவழியில் மெத்தைகளைச் சாத்திவைத்து வாசித்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஒலிப்பதிவு வண்டி வெளியே நின்றது. பதிவானதைக் கேட்க வேண்டுமென்றால் அறைகளையும் பால்கனிகளையும் சுற்றிக்கொண்டு வண்டிக்குப் போக வேண்டியிருந்ததால், அவர்கள் போய்க் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். வாசித்தபோது சரியாக இருந்தது என்று நால்வர் ஐவரின் மனதுக்குப் பட்டால் போதும் என்று விட்டுவிட்ட ஆல்பம் இது. அந்தத் துணிவு எனக்கு ஒவ்வொரு பாட்டிலும் கேட்கிறது. மூர் மார்க்கெட் எரிந்ததைக் கண்ணால் பார்த்த எங்கள் மூத்தவருக்கு, தீயைப் பற்றிய இந்தப் பாட்டு பிடிக்காமல் போனதற்குச் செவி மட்டும்தான் காரணமா என்று நான் கேட்டதுண்டு. அவர் பதில் சொல்லவில்லை. நானும் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

பிங்க் ஃபிளாய்டின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ 1973 மார்ச்சில் வந்தது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 1988 வரையில் 741 வாரங்கள் இருந்தது என்ற எண்ணிக்கையை எல்லாரும் சொல்வார்கள். எங்கள் தாளிலும் நான்கு பேர் அதையே எழுதியிருக்கிறார்கள். அதைவிட எனக்கு மதிப்பானது, கோயில் கச்சேரிகளுக்கு மிருதங்கம் வாசிக்கும் நண்பரின் குறிப்பு. ‘மணி’ பாட்டில் காசு விழும் ஓசையும் கல்லாப்பெட்டி ஓசையும் சுற்றிச் சுற்றி வருவதைக் கைவிரலில் எண்ணிப் பார்த்து, இது ஏழு என்று கண்டுபிடித்தார். ‘தகிட தகதிமி’ என்று சொல்லிக்கொண்டே கேட்டால் பாட்டு மடியில் வந்து உட்கார்ந்துவிடுகிறது, ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு தெரிந்தவர்களுக்கு இதில் புதிர் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார். அத்துடன் நிற்காமல், லீட் கிதார் தனியாக வாசிக்கத் தொடங்கும் இடத்தில் தாளம் நான்குக்கு மாறிவிடுவதையும் குறித்திருக்கிறார். கிதார் வாசித்த டேவிட் கில்மோருக்கு நான்கில் வாசிப்பது எளிதாக இருந்ததால் அப்படி மாற்றிக்கொண்டார்கள் என்பது உண்மையே. மேலைநாட்டு நூல்கள் வியப்போடு விவரிக்கும் ஒன்றை, பெரம்பூரில் ஒருவர் தொடையில் தட்டி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

முதல் பக்கம் முடியும் ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’ பாட்டில் பாடப்படும் சொற்களே இல்லை. ரிச்சர்ட் ரைட்டின் பியானோவுக்கு மேலே கிளேர் டோரி என்ற பாடகியின் குரல் எழுகிறது, கதறுகிறது, தளர்ந்து அடங்குகிறது. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து பாடிவிட்டு 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். பாட்டை உருவாக்கியதில் தமக்கும் பங்குண்டு என்று 2004இல் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு சமரசம் ஏற்பட்டு, அதன் பின் வந்த பதிப்புகளில் ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் இடம்பெறுகிறது. புளியந்தோப்பைச் சேர்ந்த அக்கா ஒருவர் இந்தப் பாட்டுக்கு மட்டும் அரைப்பக்கம் எழுதியிருக்கிறார். சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் முதலில் வார்த்தை சொல்லி அழுவார்கள், விடியற்காலையில் வார்த்தை தீர்ந்துபோய் ராகம் மட்டும் மிஞ்சும், இந்த அம்மா அந்த விடியற்காலையிலிருந்து தொடங்குகிறார் என்பது அவருடைய மதிப்புரையின் சாரம். பாட்டு சாவைப் பற்றியது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்த இடத்தில் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எங்கள் பழைய தட்டு தேய்ந்துவிட்டதால் இதே ஆல்பத்தின் புதுப் பதிப்பு ஒன்றை நகரத்துக் கடை ஒன்றில் வாங்கினேன். நடுத்துளை சற்றே விலகியிருந்தது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஊசி வைத்த பிறகு ஊசியைத் தாங்கும் கை இடமும் வலமும் ஆடுவதைக் கவனித்தால்தான் புலப்படும். டிரம்ஸும் பேச்சும் உள்ள இடங்களில் இந்தக் குறை காதில் விழாது. ஆனால் நீண்டு ஒலிக்கும் பியானோ சுரங்களில் சுருதி ஏறி இறங்கி அலைந்தது. மேலே சொன்ன பாட்டே பாழாயிற்று. கண்ணாடித்தாளைப் பிரித்துவிட்டதால் மாற்றித் தர முடியாது என்று கடையில் கைவிரித்தார்கள். பிரிக்காமல் இந்தக் குறையை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற என் கேள்விக்குப் பதில் இல்லை. ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன்பே மாற்றித் தருவீர்களா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேய்ந்த பழைய தட்டைத்தான் இன்றும் கேட்கிறோம். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் மெல்லிய துணியை நனைத்து, பள்ளம் ஓடும் திசையிலேயே துடைத்தால் பாதிக் கரகரப்பு போய்விடுகிறது. கல்நார்க் கூரை வீடுகளில் சித்திரை வைகாசி மாதங்களில் தட்டுகளைப் படுக்கை வசத்தில் அடுக்காதீர்கள், வளைந்துவிடும்.

ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ (1976) தாளில்தான் எங்கள் கூட்டத்திலேயே அதிகமான கையெழுத்துகள் இருக்கின்றன. முதல் பாட்டின் முடிவில் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் கிதாரில் மாறி மாறிப் பேசிக்கொள்வது நேர்த்தியானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அத்தனை குறிப்புகளும் அந்த ஒரு பாட்டோடு நின்றுவிட்டன. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. முழு ஆல்பமும் கேட்டேன் என்று தாள் சொல்லவில்லை என்றால் அது மதிப்புரை ஆகாது என்று நான் கூட்டத்தில் சொன்னது சிலருக்கு வருத்தம் தந்தது. இன்றும் என் கருத்து அதுவே.

குவீன் குழுவின் ‘எ நைட் அட் த ஆபரா’ (1975) அப்படியல்ல. பஞ்ச்கனியில் பள்ளி படித்த ஃபிரெடி மெர்குரியின் குரலைப் பற்றி எழுதாதவர் இல்லை. திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் அண்ணன் மட்டும் பிரையன் மேயின் கிதாரைப் பற்றி எழுதினார். கடையில் வாங்க வசதியில்லாததால், மேயும் அவருடைய தந்தையும் சேர்ந்து வீட்டிலேயே செய்த கிதார் அது. கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரம், கம்பியை இழுத்து விடும் அமைப்புக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். வால்வு ஸ்பிரிங் அழுத்தினால் அதே இடத்துக்குத் திரும்பும், ஆயிரம் முறை அழுத்தினாலும் திரும்பும், அதனால்தான் அந்தக் கிதாரின் சுருதி கலைவதில்லை என்று அவர் விளக்கியிருக்கிறார். ‘பொஹீமியன் ராப்சடி’ பாட்டைக் கேட்கும்போது இப்போது என் காது குரல்களை விட்டுவிட்டு அந்த ஸ்பிரிங்கைத் தேடிப் போகிறது.

லெட் ஸெப்பெலின் குழுவின் நான்காவது ஆல்பம் 1971 நவம்பரில் வெளிவந்தது. உறையில் ஆல்பத்தின் பெயரும் இல்லை, குழுவின் பெயரும் இல்லை. எங்கள் அலமாரியில் அதற்கு ‘விறகுக்காரர்’ என்று பெயர். முதுகில் விறகுச் சுமையோடு குனிந்து நிற்கும் கிழவரின் படம் முன்னால் இருக்கிறது. ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாட்டைப் புகழ்ந்து எழுதியவர்கள் அனைவரோடும் உடன்படுகிறேன். ஆனால் இந்த ஆல்பத்தை நான் எடுப்பதெல்லாம் கடைசிப் பாட்டான ‘வென் த லெவீ பிரேக்ஸ்’ பாட்டுக்காகத்தான். 1927இல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊர்களை மூழ்கடித்தது. அந்த வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கேன்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டுதான் இதற்கு மூலம். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையில், மாடிப்படியின் அடியில் டிரம்ஸை வைத்து ஜான் பானம் வாசிக்க, இரண்டு மைக்குகளை மேலே படிக்கட்டிலிருந்து தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். படிக்கட்டின் கூடத்தில் எழும்பித் திரும்பிய எதிரொலியும் அடியோடு சேர்ந்தே பதிவாயிற்று. அதன்பின் நாடாவின் ஓட்டத்தையும் சற்று மெதுவாக்கினார்கள். ஒவ்வொரு அடியும் விழுந்த பிறகும் கீழே இறங்கிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

இந்தப் பாட்டுக்கும் புளியந்தோப்பு அக்காதான் எழுதியிருக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அவர்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. எண்ணூர்ப் பக்கத்தில் அந்தத் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்து படகையும் வலையையும் கருப்பாக்கியது. மின்சாரம் இல்லாத இரண்டாம் இரவில், தண்ணீரில் மிதந்த பிளாஸ்டிக் டிரம் ஒன்று விடாமல் சுவரில் மோதிக்கொண்டே இருந்ததாம். மெதுவாக, ஒரே இடைவெளியில், விடிகிற வரைக்கும். அந்த மோதல்தான் இந்தப் பாட்டு என்கிறார். பாடுகிறவர் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான் என்கிறாரே, தமக்குப் போக இடமில்லை, அதனால் பாட்டின் அந்தப் பகுதி தமக்கு ஒட்டவில்லை என்றும் நேர்மையாக எழுதியிருக்கிறார். குழுவின் பாடகர் ராபர்ட் பிளாண்டின் ஹார்மோனிகாவைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த பத்து வரிகள் அதற்கு மேலே இருந்தன.

இருந்தன என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தத் தட்டு அடுத்த மழையில் இன்னொருவர் வீட்டில் நனைந்துவிட்டது. தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுவிக் காயவைத்ததும் முன்போலவே பாடுகிறது. உறை உப்பி, விறகுக்காரர் பாதி உரிந்துவிட்டார். தாளில் இங்க் பேனாவால் எழுதியதெல்லாம் நீலமாகக் கரைந்து போயிற்று. என் பத்து வரிகளும் அதில் அடக்கம். அக்கா எப்போதும் மகனுடைய பென்சிலால் எழுதுகிறவர். அவருடைய வரிகள் ஓர் எழுத்தும் கலையாமல் அப்படியே இருக்கின்றன. அந்தத் தாளை மாற்றவில்லை. அடுத்து எடுத்துச் செல்கிறவருக்கும் அதே தாளைத்தான், ஒரு பென்சிலோடு, உறைக்குள் வைத்துக் கொடுக்கிறோம்.